மாநிலக் கட்சி எம்.பி. டெல்லியில் என்னதான் செய்ய முடியும்? முரசொலி மாறனை வைத்து ஒரு எளிய விளக்கம்

தேர்தல் முடிந்து ஆறு மாதம் போனால் போதும், டீக்கடையில் தொடங்கி குடும்ப வாட்சப் குழு வரைக்கும் ஒரே கேள்விதான்: "இத்தனை பேரை டெல்லிக்கு அனுப்பினோமே, அங்கே போய் என்ன கிழித்தார்கள்?" நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் வேண்டும் என்றால், ஒரு மாநிலக் கட்சிக்காரர் நாடாளுமன்றத்துக்குள் எந்த வழியாகப் போகிறார், போன பிறகு அவர் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது முதலில் தெரிய வேண்டும். பொதுவாகச் சொன்னால் குடிமையியல் பாடம் ஆகிவிடும், அதனால் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

நான் எடுத்துக்கொள்வது திமுகவின் முரசொலி மாறன். 1934இல் திருக்குவளையில் பிறந்தவர், கலைஞர் கருணாநிதியின் சகோதரி மகன், பத்திரிகையாளர், சினிமாவுக்கு வசனம் எழுதியவர், படம் எடுத்தவர். 1967இல் எம்.பி. ஆனார், 2003 நவம்பரில் இறக்கும்போதும் எம்.பி.யாகவே இருந்தார். நடுவில் சிறு சிறு இடைவெளிகளை விட்டுவிட்டால் ஏறக்குறைய 36 ஆண்டுகள். இரண்டு அவைகளிலும் இருந்திருக்கிறார், எதிர்க்கட்சி வரிசையிலும் அமைச்சர் வரிசையிலும் உட்கார்ந்திருக்கிறார், நெருக்கடி நிலையில் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் சிறைக்கும் போயிருக்கிறார். தலைவரின் குடும்பம் என்பதால்தானே வாய்ப்பு கிடைத்தது என்று கேட்டால், ஆமாம், அதுவும் ஒரு காரணம்தான். அப்படி உள்ளே போனவர்கள் எத்தனையோ பேர், உள்ளே போய் வேலையைக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு. மாறன் கற்றுக்கொண்டவர் என்பது என் கருத்து.

உள்ளே போவதற்கு இரண்டு வழி. ஒன்று மக்களவை, நாம் நேரடியாக ஓட்டுப் போட்டு அனுப்புவது. மொத்தம் 543 இடங்கள், அதில் தமிழ்நாட்டுக்கு 39. (1962 தேர்தலில் 41 இருந்தது, 1967இல் 39 ஆகக் குறைந்தது. தொகுதி மறுவரையறை என்றாலே இங்கே ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பவர்கள் இந்தப் பழைய கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.) மாறன் போன விதம் கொஞ்சம் சுவாரஸ்யமானது. 1967 பொதுத்தேர்தலில் தென் சென்னை மக்களவைத் தொகுதியில் ஜெயித்தவர் அண்ணா. ஆனால் சட்டமன்றத்தில் திமுக பெரும்பான்மை பெற்று அவர் முதலமைச்சர் ஆகிவிட்டதால் அந்த இடத்தை விட்டுக்கொடுத்தார், இடைத்தேர்தல் வந்தது, முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த மாறன் நின்று ஜெயித்தார். 1971இல் அதே தொகுதியில் மறுபடியும் ஜெயித்தார்.

இரண்டாவது வழி மாநிலங்களவை. இதைப் பலரும் 'தேர்தலில் நிற்கப் பயந்தவர்களுக்கான பின்வாசல்' என்று பேசுவதுண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இங்கே ஓட்டுப் போடுவது எம்.எல்.ஏ.க்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள், பதவிக்காலம் ஆறு ஆண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆறு பேர் வெளியேறி ஆறு பேர் உள்ளே வருவார்கள். ஒருவர் ஜெயிக்க எத்தனை எம்.எல்.ஏ. வேண்டும்? சட்டமன்றத்தின் 234 உறுப்பினர்களை, காலியாகும் இடங்களோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால், அதாவது ஏழால் வகுத்தால் 33 சொச்சம் வரும், ஆகவே 34 பேர் இருந்தால் ஒரு எம்.பி. நிச்சயம். இந்த 34 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்த 1977இல் திமுகவுக்கு 48 எம்.எல்.ஏ.க்கள், 1980இல் வெறும் 37. மாநிலத்தில் ஆட்சி இல்லை, கைவசம் பெரிதாக எதுவும் இல்லை, ஆனாலும் டெல்லிக்கு ஒருவரை அனுப்ப அந்த எண்ணிக்கை போதும். மாறன் 1977 முதல் 1995 வரை மூன்று முறை தொடர்ந்து மாநிலங்களவையில் இருந்தார். ஒரு மாநிலக் கட்சிக்கு டெல்லியில் நினைவாற்றல் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது பெரும்பாலும் இந்த அவையில் உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் இருக்கும், ஏனென்றால் மக்களவை இடங்கள் ஒரு அலையில் வந்து அடுத்த அலையில் போய்விடும்.

சரி, உள்ளே போயாயிற்று. என்ன செய்யலாம்?

முதலில் எது அவர் வேலை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்கும் சாக்கடையும் எம்.பி. வேலை இல்லை, அது உள்ளாட்சி. தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கான வேலைகளைப் பரிந்துரைக்கலாம், ஆனால் தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன, பங்கிட்டால் ஒன்றுக்கு 85 லட்சம்கூட வராது. அதில் ஒரு சமுதாயக்கூடம், இரண்டு பள்ளிக் கட்டடம், நாலு பேருந்து நிழற்குடை. அந்த நிழற்குடையில் பெயர் பெரிதாக எழுதியிருப்பதால் எம்.பி. என்றால் இதுதான் என்று நினைத்துவிடுகிறோம்.

அவையில் பேசலாம், ஆனால் பேச்சுக்கு நேரம் கிடைப்பது கட்சியின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு மசோதாவுக்கு நாலு மணி நேரம் விவாதம் என்று முடிவானால் அந்த நாலு மணி நேரத்தையும் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பங்கு போடுவார்கள், பெரிய கட்சியின் மூன்றாம் வரிசைப் பேச்சாளருக்குக் கிடைப்பதைவிடச் சிறிய கட்சியின் தலைவருக்குக் குறைவாகக் கிடைப்பதுண்டு. மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், அதற்குள் மணி அடித்துவிடுவார்கள். தமிழிலும் பேசலாம், மொழிபெயர்ப்பு ஏற்பாடு இருக்கிறது.

கேள்வி கேட்கலாம். இது பலரும் சட்டை செய்யாத ஆயுதம். குறைந்தது 15 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும், குலுக்கலில் வர வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு அப்படி 20 கேள்விகள்தான் பட்டியலில் வரும். நட்சத்திரம் இல்லாதவற்றுக்கு எழுத்தில் பதில் வரும், அது நாளுக்கு 230 வரைக்கும். எழுத்தில் வருகிற பதிலுக்கு என்ன மதிப்பு என்று நினைக்க வேண்டாம். இந்த ரயில் பாதைக்கு இந்த ஆண்டு எத்தனை கோடி ஒதுக்கினீர்கள், அதில் எவ்வளவு செலவானது என்று கேட்டு வாங்கிவிட்டால் அது அரசே கொடுத்த கணக்கு, அடுத்த நாள் பத்திரிகையில் வரும், வழக்கில் காட்டலாம், அடுத்த கூட்டத்தொடரில் அதை வைத்தே அமைச்சரை மடக்கலாம்.

அப்புறம் குழுக்கள். கேமரா இல்லாத இடம், அதனால் சத்தமும் குறைவு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டு அரசுச் செயலாளர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் பொதுக் கணக்குக் குழுவுக்கு 1971 முதல் 1973 வரை தலைவராக இருந்தவர் திமுகவின் இரா. செழியன். இந்திரா காந்தி அசுர பலத்தோடு ஆட்சியில் இருந்த நேரம் அது. ஆட்சியில் யார் இருந்தாலும் ரசீதைக் காட்டு என்று கேட்கிற நாற்காலியில் தஞ்சைப் பக்கத்து மாநிலக் கட்சிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதை இன்றைக்கு எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

அடுத்தது தனிநபர் மசோதா, இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அமைச்சர் அல்லாத எந்த எம்.பி.யும் ஒரு சட்டத்துக்கு மசோதா கொண்டுவரலாம், வெள்ளிக்கிழமை பிற்பகலில் அதற்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். வெள்ளி பிற்பகல் என்றால் பாதிப் பேர் ஊருக்கு விமானம் ஏறியிருப்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இப்படிக் கொண்டுவந்து சட்டமானவை மொத்தம் 14தான், கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். பிறகு எதற்கு இந்த வேலை?

மாநிலங்களவையில் அண்ணா இருந்த காலம், 1963. சென்னை மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்கக் கோரும் ஒரு தனிநபர் மசோதா விவாதத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் தமிழர்கூட இல்லை, வங்காளத்துக் கம்யூனிஸ்ட் பூபேஷ் குப்தா. அண்ணா ஆதரித்துப் பேசினார். பெயரை மாற்றுவதால் உங்களுக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது என்று எதிர்வரிசையில் கேட்டபோது, நாடாளுமன்றத்தை லோக்சபா என்றும் மாநிலங்களவையை ராஜ்யசபா என்றும் குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றும் மாற்றினீர்களே, உங்களுக்கு என்ன கிடைத்தது என்று திருப்பிக் கேட்டார். மசோதா தோற்றது. எண்ணிக்கை இல்லை, அவ்வளவுதான். ஆனால் நாலு ஆண்டு கழித்து அதே அண்ணா முதலமைச்சராக இருந்து 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினார், நாடாளுமன்றமும் பிறகு சட்டம் இயற்றியது, 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்பது அதிகாரபூர்வமான பெயர்.

இன்னொன்று நம் காலத்தில் நடந்தது. 2014 மக்களவைத் தேர்தலில் திமுக ஒரு இடத்தில்கூட ஜெயிக்கவில்லை. அதே ஆண்டு மாநிலங்களவையில் திருச்சி சிவா திருநங்கைகள், திருநம்பிகள் உரிமைக்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார், மாற்றுப் பாலினத்தவரின் உரிமைகளை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் அந்த ஏப்ரலில்தான் தீர்ப்பு சொல்லியிருந்தது. வழக்கமாக இப்படி ஒரு மசோதா வந்தால் அமைச்சர் எழுந்து 'உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டுகிறோம், அரசே இதைப் பார்த்துக்கொள்ளும், திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்பார், உறுப்பினரும் திரும்பப் பெறுவார், கதை முடிந்துவிடும். சிவாவையும் கேட்டார்கள், அவர் முடியாது என்று நின்றார். 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை குரல் வாக்கெடுப்பில் அதை நிறைவேற்றியது, ஒரு தனிநபர் மசோதா ஒரு அவையில் நிறைவேறுவது பல பத்தாண்டுகளாக நடக்காத விஷயம். மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் அரசு சும்மா இருக்க முடியாமல் தன் மசோதாவை 2016இல் கொண்டுவந்தது, 2019இல் அது சட்டமானது. அரசு கொண்டுவந்த சட்டத்தில் சிவாவின் மசோதாவில் இருந்த இடஒதுக்கீடு இல்லை, அந்தச் சமூகத்தினரே அதை எதிர்த்துப் போராடினார்கள், அந்தக் குறை இன்றும் இருக்கிறது. இருந்தாலும் பேச்சைத் தொடங்கிவைத்தது, மக்களவையில் ஒரு ஆள்கூட இல்லாத ஒரு கட்சியின் எம்.பி.

ஒரு மாநிலக் கட்சிக்காரர் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான நாட்கள் தோற்கத்தான் செய்வார், 543இல் 39 என்றால் வேறென்ன நடக்கும்? அந்தத் தோல்வியில் எது அவைக்குறிப்பில் ஏறியது, யார் அதை ஐந்து, பத்து ஆண்டு கழித்து எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால்தான் அவருடைய வேலை தெரியும். வென்ற ஓட்டெடுப்புகளை மட்டும் எண்ணினால் அண்ணாவின் நாடாளுமன்றக் கணக்கும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

ஆனால் அந்தச் சின்ன எண்ணிக்கைக்குத் திடீரென்று பெரிய மதிப்பு வரும் நேரமும் உண்டு, கூட்டணி ஆட்சி. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் விழுந்ததே, அதற்குக் காரணம் 18 எம்.பி.க்களை வைத்திருந்த அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதுதான்.

மாறன் மத்திய அமைச்சரானது மூன்று கட்டமாக நடந்தது, மூன்றும் மூன்று விதம். 1989இல் வி.பி. சிங் அரசில் நகர்ப்புற வளர்ச்சித் துறை. அந்த மக்களவைத் தேர்தலில் திமுக தமிழ்நாட்டில் பெற்ற இடங்கள் பூஜ்யம்! ஆனால் வி.பி. சிங்கின் தேசிய முன்னணி என்ற கூட்டணியில் கட்சி உறுப்பு, கருணாநிதி முதலமைச்சர், மாநிலங்களவையில் மாறன் இருக்கிறார், அது போதுமானதாக இருந்தது. காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூனில் அமைந்தது அந்த அரசின் காலத்தில்தான். அடுத்து 1996, மத்திய சென்னையில் ஜெயித்து மக்களவைக்குத் திரும்பினார். அந்த முறை திமுக 17, தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) 20, இந்தியக் கம்யூனிஸ்ட் 2 என்று 39ம் ஒரே அணிக்குப் போனது. தேவகவுடா, குஜ்ரால் இருவர் அமைச்சரவையிலும் தொழில் துறை அவரிடம். மூன்றாவது 1999, பாஜக தலைமையிலான கூட்டணியில் திமுகவுக்கு 12 எம்.பி.க்கள், மாறனுக்கு வர்த்தகம் மற்றும் தொழில் துறை.

இந்த மூன்றாவது கட்டத்தில்தான் தோஹா வருகிறது. 2001 நவம்பரில் கத்தாரின் தோஹாவில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு, 142 உறுப்பு நாடுகள். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, உலகம் ஒன்றாக நிற்கிறது என்று காட்ட வேண்டும், எப்படியாவது புதிய பேச்சுவார்த்தைச் சுற்றைத் தொடங்கிவிட வேண்டும் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் குறியாக இருந்தன. பட்டியலில் முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதல், வர்த்தக நடைமுறை எளிதாக்கம் என்று நான்கு விஷயங்கள் இருந்தன, இவற்றைச் சிங்கப்பூர் விவகாரங்கள் என்பார்கள். வெளிநாட்டு நிறுவனத்தை எப்படி நடத்துவது, அரசு யாரிடம் பொருள் வாங்குவது என்பதையெல்லாம் வர்த்தக ஒப்பந்தத்துக்குள் இழுத்துவிடும் விஷயங்கள், ஏழை நாடுகளுக்கு இதில் பயம் இருந்தது. பயந்த நாடுகள் பல ஒவ்வொன்றாகப் பின்வாங்க, கடைசியில் இந்தியா கிட்டத்தட்ட தனியாக நின்றது.

அந்த அமைப்பில் நடைமுறையில் ஓட்டெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒரு உறுப்பினர் எழுந்து ஒப்புக்கொள்ளவில்லை என்று சொன்னால் நின்றுவிடும். மாறன் அப்படித்தான் நின்றார். 13ஆம் தேதி முடிய வேண்டிய மாநாடு 14ஆம் தேதிக்குப் போனது. கடைசியில் மாநாட்டுத் தலைவர், கத்தார் அமைச்சர் யூசுப் உசேன் கமால் ஒரு விளக்கம் வாசித்தார்: இந்த விவகாரங்களில் பேச்சுவார்த்தை தொடங்க வேண்டுமானால் அடுத்த மாநாட்டில் எல்லா உறுப்பினர்களும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால்தான் முடியும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை மல்லுக்கட்டும். ஏழை நாடுகள் உயிர்காக்கும் மருந்துகளுக்குக் காப்புரிமையை மீறவேண்டி வந்தால் அதற்கு இடமளிக்கும் பொதுச் சுகாதாரப் பிரகடனமும் அதே மாநாட்டில் வந்தது, அதற்கு ஆப்பிரிக்க நாடுகளோடு இந்தியாவும் தோள் கொடுத்தது.

அப்போது 'ஒற்றை ஆளாகப் பிடிவாதம் பிடிக்கிறார்' என்று அவரை எழுதாத வெளிநாட்டுப் பத்திரிகை குறைவு. இரண்டு ஆண்டு கழித்து மெக்சிகோவின் கான்கனில் நடந்த அடுத்த மாநாடு இதே சிங்கப்பூர் விவகாரங்களில் சிக்கித்தான் உடைந்தது, 2004இல் நான்கில் மூன்றை அப்படியே கைவிட்டார்கள். மாறன் அதைப் பார்க்கவில்லை, நோயில் விழுந்து இலாகா இல்லாத அமைச்சராக இருந்தபோது 2003 நவம்பர் 23 அன்று காலமானார்.

ஒரு கிராமத்தில் பிறந்து மாநில உரிமைக்காகக் கட்சி கட்டிய இயக்கத்திலிருந்து வந்தவருக்கு உலக மாநாட்டில் அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், எனக்குத் தெரிந்த பதில் இது: டெல்லியில் 30 ஆண்டுகளுக்கு மேல், அதில் பெரும்பகுதி பெரும்பான்மைக்கு எதிரில் உட்கார்ந்து பழகியவருக்குச் சிறுபான்மையில் நிற்பது புதிதல்ல. 1974இல் 'மாநில சுயாட்சி' என்ற நூலையே எழுதியவர் அவர். மத்தியில் அதிகாரம் குவிவதைப் பற்றி எழுதியவர் பிறகு அதே மத்திய அரசில் அமர்ந்தார் என்பது முரண்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

முரண் மட்டுமில்லை, கூட்டணிக்கு ஒரு விலையும் உண்டு. அமைச்சரவையில் இருந்தால் அரசை எதிர்த்துப் பேச முடியாது, கேள்வி நேரத்தில் கேட்க முடியாது. கட்சி கொறடா உத்தரவு போட்டால் எம்.பி. அதன்படி ஓட்டுப் போட வேண்டும், மீறினால் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவி போய்விடும். 2002 மார்ச்சில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியபோது கூட்டணியில் இருந்த திமுகவும் மதிமுகவும் அதன் பக்கம்தான் நின்றன. அதே ஆண்டு ஜூலையில் அதே சட்டத்தில் கைதானவர் வைகோ, அன்றைக்குச் சிவகாசி எம்.பி. அதே ஆண்டு குஜராத் கலவரத்தின்போதும் திமுக கூட்டணியை விட்டு வெளியே வரவில்லை. தோஹாவைப் பெருமையாகச் சொல்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இரண்டும் ஒரே அமைச்சரவையில் ஒரே காலத்தில் நடந்தவை.

இனி உங்கள் எம்.பி.க்கு வருவோம். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் ஒவ்வொரு உறுப்பினர் பெயரிலும் அவர் கேட்ட கேள்விகளும் அதற்கு வந்த பதில்களும் இருக்கின்றன, விவாதங்களில் பேசியதும் கொண்டுவந்த தனிநபர் மசோதாக்களும் இருக்கின்றன. வருகைப் பதிவை மட்டும் பார்த்து மதிப்பெண் போட வேண்டாம், கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகவும் முடியும். கேள்விகளின் எண்ணிக்கையையும் நம்ப வேண்டாம், ஒரே கேள்வியைப் பத்துப் பேர் சேர்ந்து போடுவதுண்டு. ஒரே விஷயத்தை அவர் தொடர்ந்து துரத்துகிறாரா என்று பாருங்கள்: போன கூட்டத்தொடரில் வந்த பதிலை வைத்து இந்தக் கூட்டத்தொடரில் அடுத்த கேள்வி கேட்டிருக்கிறாரா, எந்தத் துறையை ஆராயும் நிலைக்குழுவில் இருக்கிறார், அந்தத் துறை பற்றி அவையில் பேசியிருக்கிறாரா. அமைச்சராக இருப்பவர்களுக்கு அந்தப் பக்கத்தில் கேள்விகள் இருக்காது, அவர்கள் பதில் சொல்லும் இடத்தில் இருக்கிறார்கள். மற்ற யார் பெயரை அழுத்தினாலும் பட்டியல் வரும், சிலருக்கு நீளமாக, சிலருக்கு ஒரே திரையில் முடிந்துவிடும் அளவுக்கு.